ஆயராக வேண்டும் என்று தோன்றுகிறதா? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துச் சபைப் பிள்ளைகளுக்கு

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஆயராக வேண்டும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் யாரிடம் சொல்வது, எங்கே தொடங்குவது, என்ன படிப்பது என்று எதுவும் பிடிபடவில்லை என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஆயர் இல்லை. சேகரக் கமிட்டியில் (ஒரு ஆயரின் கீழ் உள்ள சபைகளை நிர்வகிக்கிற குழுவில்) பல வருடம் இருந்து, "எனக்கு ஊழிய அழைப்பு உண்டு, பரிந்துரைக் கடிதம் வேண்டும்" என்று வருகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியவன். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்குகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பது அதனால் ஓரளவு தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அழைப்பு இருக்கிறதா என்பதை நீங்கள் தனியாக முடிவு செய்ய முடியாது. உள்ளே ஒரு உந்துதல் வேண்டும், சரி. ஆனால் அதைச் சபையும் பார்த்து "ஆமாம்" என்று சொன்னால்தான் ஆங்கிலிகன் வழியில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து வந்த மரபில், அது அழைப்பு. அந்த மரபின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தின் அபிஷேக முறையிலேயே (அபிஷேகம் என்றால் ஒருவரை ஆயர் ஊழியத்துக்கு ஏற்படுத்துகிற சடங்கு) இந்த இரண்டும் இருக்கின்றன. பரிசுத்த ஆவியானவரால் உள்ளத்தில் ஏவப்பட்டதாக நம்புகிறாயா என்று வேட்பாளரிடம் கேள்வி வரும். இவரிடம் தடையாக ஏதாவது குற்றம் உண்டென்று அறிந்தவர்கள் முன்வந்து சொல்லலாம் என்று கூடியிருக்கிற மக்களிடமும் கேட்பார்கள். கீழே சொல்கிற படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

எந்தச் சபை, எந்தத் திருமண்டலம்

இங்கே ஆங்கிலிகன் வழி என்றால் நடைமுறையில் சி.எஸ்.ஐ.தான். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிகன் சபையும், மெத்தடிஸ்ட் சபையும், 1908லிருந்து இருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் சேர்ந்து உருவானது இது. உலக ஆங்கிலிகன் ஐக்கியத்தில் இன்றும் அங்கம். ஆனால் நம் பக்கத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல், கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004ல். அதற்கு முன் எல்லாமே பழைய சேலம் மாவட்டம். அங்கே 1827லிருந்தே வேலை செய்தது லண்டன் மிஷன், அது சபை மக்களின் குரலுக்கு அதிக இடம் கொடுத்த மரபு. பேராயர், அபிஷேகம், ஜெப ஒழுங்கு எல்லாம் ஆங்கிலிகன் பக்கத்திலிருந்து வந்தவை. ஆக, இன்று ஒரு பிள்ளை ஆயராகப் போக வேண்டுமென்றால் கீழே சேகரக் கமிட்டியும் மேலே பேராயரும் இரண்டு பேருமே சரி சொல்ல வேண்டியிருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கமிட்டிக்காரர்கள் ஏன் இவ்வளவு கேள்வி கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில் 'ஆங்கிலிகன்' என்று போட்டுக்கொண்டு, தானே பேராயர் என்று சொல்லிக்கொண்டு, பணம் வாங்கிக்கொண்டு ஒரே மாதத்தில் அங்கி மாட்டிவிடுகிற ஆட்களும் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்தச் சான்றிதழை எந்தத் திருமண்டலமும் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின் தொகுப்பு) கணக்கில் எடுக்காது.

கிருஷ்ணகிரியில் லுத்தரன் குடும்பங்கள் நிறைய. அமெரிக்க மிசௌரி லுத்தரன் மிஷனின் முதல் நிலையம் 1895ல் தொடங்கியதே கிருஷ்ணகிரியில்தான், அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. நீங்கள் அந்தச் சபை அங்கத்தினர் என்றால் உங்கள் வழி வேறு, உங்கள் ஆயரிடம்தான் கேட்க வேண்டும். கத்தோலிக்கர்களுக்கு 1997லிருந்து தர்மபுரியே தனி மறைமாவட்டம். அங்கே குருவாக விரும்புகிறவர்களுக்குத் துறவு வாழ்வும் சேர்ந்து வரும், அதுவும் முற்றிலும் வேறு பாதை. பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வருகிறவர்கள் முதலில் சி.எஸ்.ஐ.யில் அங்கத்தினராகி, திடப்படுத்தல் (பேராயர் கை வைத்து முழு அங்கத்தினராக்கும் சடங்கு) பெற்று, சில வருடம் இங்கேயே வேரூன்றட்டும். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்க மனம் ஒப்பாத ஒருவர் ஆயராக முடியாது, அதை இப்போதே யோசித்துவிடுவது எல்லாருக்கும் நல்லது.

அடுத்தது திருமண்டலம். சி.எஸ்.ஐ. திருமண்டல எல்லையும் அரசாங்க மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. உங்கள் சபை எந்தத் திருமண்டலத்தில், எந்தச் சேகரத்தில் இருக்கிறது என்பதை உங்கள் ஆயரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பம் போக வேண்டியது அந்தத் திருமண்டல அலுவலகத்துக்குத்தான்.

ஓசூர் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சிக்கல் கூடுதல். சிப்காட்டில் வேலைக்கு வந்த திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் குடும்பங்கள் பல. ஞானஸ்நானப் பதிவு ஊரில், திடப்படுத்தல் ஊரில், சந்தா மட்டும் இங்கே. சில வீட்டில் சந்தாவும் ஊரில்தான், இங்கே ஞாயிறு ஆராதனைக்கு வந்துபோவதோடு சரி. இப்படி இருந்தால் எந்தச் சபையும் உங்களை முழுதாகத் தெரிந்தவர்களாக இருக்க மாட்டார்கள். ஊர்த் திருமண்டலத்துக்கு விண்ணப்பிப்பதா இங்கேயா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒன்றைச் சொல்கிறேன், எந்தத் திருமண்டலத்தில் அபிஷேகம் பெறுகிறீர்களோ பெரும்பாலும் அங்கேதான் வாழ்நாள் முழுக்க ஊழியம் செய்ய வேண்டியிருக்கும். இங்கே வளர்ந்து, இந்த ஊர்த் தமிழ் பேசி, பக்கத்து வீட்டில் தெலுங்கும் கன்னடமும் கேட்டுப் பழகிய பிள்ளை, அப்பா பிறந்த ஊர் என்பதற்காகத் தெற்கே போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் அபிப்பிராயம். இங்கேதான் என்று முடிவானால் ஊர்ச் சபையிலிருந்து மாறுதல் கடிதம் வாங்கி வந்து இங்கே பெயரைப் பதியுங்கள்.

அம்மாவின் பொருத்தனையும் உங்கள் அழைப்பும்

நம் வீடுகளில் இது அடிக்கடி நடப்பது. பிள்ளை இல்லாமல் இருந்து, வேதாகமத்தில் சாமுவேலின் தாய் அன்னாளைப் போல அழுது ஜெபித்து, "கொடுத்தால் உமக்கே கொடுக்கிறேன்" என்று அம்மா பொருத்தனை பண்ணியிருப்பார். இல்லையென்றால் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து பிழைத்திருப்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அந்தப் பொருத்தனை மேசைக்கு வரும். அம்மாவின் பொருத்தனையை நான் லேசாகப் பேசவில்லை. ஆனால் அது அம்மாவுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள விஷயம். சாமுவேல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்னாள் கொண்டுவந்து விட்டது ஒரு பக்கம். அதற்குப் பிறகு ராத்திரியில் அந்தப் பையனையே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. அவனும் அது யார் குரல் என்று தெரியாமல் மூன்று தடவை ஏலியிடம் ஓடினான். மூன்றாம் தடவைதான் கிழவர் ஏலிக்கே புரிந்தது, கூப்பிடுகிறது யார் என்று. ஏலி அப்படி ஒன்றும் பெரிய யோக்கியரும் இல்லை, வீட்டில் இரண்டு மகன்களையும் கட்ட முடியாதவர். இருந்தாலும் குரலை அடையாளம் காட்ட அவர் வேண்டியிருந்தது. உங்கள் ஆயரைப் பற்றி உங்களுக்கு ஆயிரம் குறை இருக்கலாம், அப்போதும் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பொருத்தனை இல்லாமலும் ஆசை வரும். கூட்டத்தில் பிரசங்கம் கேட்டு வரும், வாலிபர் முகாமின் கடைசி ராத்திரி வரும். நீட் எழுதிக் கிடைக்காத பிறகும், கம்பெனியில் ஆள்குறைப்பு செய்த பிறகும்கூட வரும். முகாமில் வந்தது பொய், வேலை போனபின் வந்தது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எதிலிருந்தும் தொடங்கலாம். ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் போகட்டும். வேறு நல்ல வேலை கிடைத்த பிறகும் அது உள்ளே நச்சரித்துக்கொண்டே இருக்கிறதா பாருங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், எப்போது தோன்றியது, எப்போது அடங்கியது, யார் என்ன சொன்னார்கள் என்று. பிறகு நேர்காணலில் "உங்கள் அழைப்பைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, மனப்பாடம் செய்த சாட்சிக்குப் பதில் உண்மையில் நடந்ததைச் சொல்ல அந்த நோட்டு உதவும்.

வயதைப் பற்றியும் கேட்கிறார்கள். மேலே சொன்ன 1662 புத்தகத்தில் டீக்கனுக்கு (ஆயராவதற்கு முந்தைய படி) 23, குருவுக்கு, அதாவது ஆயருக்கு, 24 என்று குறைந்தபட்ச வயது மட்டும் இருக்கிறது. இன்று மேல் வரம்பைத் திருமண்டலங்கள் தங்கள் விதிப்படி வைக்கின்றன, அதை அலுவலகத்தில் கேளுங்கள். முப்பது தாண்டிவிட்டது என்று கேட்காமலே விட்டுவிடாதீர்கள். ஆங்கிலிகன் சபையில் இந்தியாவின் முதல் இந்தியப் பேராயரான அசரியா 1874ல் பிறந்தவர், ஒய்.எம்.சி.ஏ.யில் பல வருடம் வேலை செய்து, 1903ல் இந்திய மிஷனெரி சங்கத்தை நண்பர்களோடு தொடங்கி, அதற்கெல்லாம் பிறகு 1909ல்தான் அபிஷேகம் பெற்றார். மூன்றே வருடத்தில், 1912ல், தோர்ணக்கல்லில் பேராயர்.

ஆயரிடம் எப்படிச் சொல்வது

ஞாயிறு ஆராதனை முடிந்து கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது சொல்லாதீர்கள். அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு கிராமம் போக வேண்டியிருக்கும். வார நாளில் போன் செய்து, "ஐயா, ஒரு விஷயமாகத் தனியாக உங்களோடு பேச வேண்டும், எப்போது வரலாம்" என்று கேட்டுப் போங்கள். போய், "நான் ஆயராகப் போகிறேன்" என்று தொடங்காமல், "எனக்கு இப்படித் தோன்றுகிறது ஐயா, இது சரியா என்று பார்க்க எனக்கு உதவி செய்வீர்களா" என்று கேளுங்கள். முதல் பேச்சு அறிவிப்பு மாதிரி இருந்தால் எதிரே இருப்பவர் ஆசீர்வதித்து அனுப்புவார். கேள்வியாக இருந்தால் உட்காரவைத்துப் பேசுவார்.

அவர் உற்சாகப்படுத்தாமல் "முதலில் டிகிரியை முடி தம்பி" என்று சொன்னால் முகம் சுருங்க வேண்டாம். அநேகமாக அது சரியான ஆலோசனைதான். அவருக்கும் உங்கள் குடும்பத்துக்கும் ஆகாது, கமிட்டித் தகராறு ஏதோ இருக்கிறது என்றால் (நம் சபைகளில் இது நடக்காததில்லை) ஓய்வு பெற்ற மூத்த ஆயர் ஒருவரைத் தேடுங்கள். அவர்களுக்கு இனி உங்களால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஆனால் உங்கள் ஆயருக்குத் தெரியாமல் மேலே போய் திருமண்டல அலுவலகத்தில் நிற்காதீர்கள், அங்கே முதலில் கேட்பதே "உங்கள் ஆயர் யார், அவர் கடிதம் எங்கே" என்றுதான்.

ஒரு வருடம் வேலை செய்து பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதிக்கிற படியும் இதுதான். ஆயர் வேலை என்றால் பிரசங்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், ஒரு கிராமச் சபை ஆயரோடு ஒரு வாரம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். நம் பக்கம் ஒரு சேகரம் என்பது டவுனில் ஒரு ஆலயமும் சுற்றிலும் பல கிராமச் சபைகளும். காலை ஏழு மணிக்கு ஒரு ஊர், பத்துக்கு டவுன், மதியம் மலையடிவாரத்தில் இன்னொன்று. சில ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். தர்மபுரிப் பக்கம் பல கிராமங்களில் வேலை செய்கிற வயதுக்காரர்கள் எல்லாம் பெங்களூரில் கட்டட வேலையில், ஞாயிறு ஆராதனையில் பாட்டிகளும் பேரன்களும் மட்டும். அப்பாவும் அம்மாவும் கிறிஸ்துமசுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் வந்து இறங்குவார்கள். அந்தப் பாட்டிகளுக்குப் பிரசங்கம் செய்வது எப்படி, பேரன்களுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துவது எப்படி, பெங்களூரில் ஷெட்டில் தங்கியிருக்கிற அப்பாவோடு போனில் பேச்சை விட்டுவிடாமல் இருப்பது எப்படி, இதெல்லாம்தான் இங்கே ஆயர் ஊழியம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசனில் மண்டிக்கும் கூழ் ஆலைக்கும் போகிறவர்களுக்கு ஞாயிறு, திங்கள் ஒன்றுதான். ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்துக் கண் சொக்க வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறவனைக் குறை சொல்லாமல் பார்க்கத் தெரிய வேண்டும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பை எடுங்கள், வருடம் முழுக்க விடாமல். கோடையில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள், அதில் ஒரு கிராமத்தைப் பொறுப்பெடுங்கள். ஆராதனையில் வேத பாடம் வாசியுங்கள், வீட்டில் சத்தமாக வாசித்துப் பழகிவிட்டு, ஏனென்றால் நடுவில் தடுமாறுகிற வாசிப்பு கேட்கிறவர்களுக்கு உண்மையிலேயே வேதனை. பிரசங்கம் கொடுத்தால் செய்யுங்கள், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்காதீர்கள். ஆயர் அரசு மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது கூடப் போங்கள். வார்டில் கட்டில் ஓரத்தில் நின்று என்ன பேசுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிற பழக்கம் எல்லாப் பிரசங்கத்தையும்விட முக்கியமானது. அடக்க ஆராதனைக்குப் போங்கள், கல்லறைத் தோட்டத்தில் எந்தக் குடும்பத்துக்கு எந்த வரிசை என்று சண்டை வரும்போது ஆயர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கமிட்டிக் கூட்டத்தில் பார்வையாளராக உட்கார அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது. கணக்கு, கூரை ஒழுகல், பட்டா, கரண்ட் பில், தேர்தல். ஆயரின் நேரத்தில் பெரும்பகுதி இதில்தான் போகிறது, இது எரிச்சலாக இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

திருமண்டலங்களில் கட்சி உண்டு, சாதிக் கணக்கு உண்டு, தேர்தல் சமயத்தில் வழக்குக்கூட உண்டு. இதை மறைத்து உங்களை உள்ளே அனுப்ப எனக்கு மனமில்லை. இதெல்லாம் இருந்தும் போகத் தோன்றுகிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். "நான் போய்த் திருத்துகிறேன்" என்று கிளம்புகிறவர்கள்தான் சீக்கிரம் ஏதாவது ஒரு கட்சியில் போய்ச் சேருகிறார்கள் என்பது நான் பார்த்த வரையில்.

இந்த வருடம் தினசரி ஜெபமும் நடக்கட்டும். உபவாசக் கூட்டத்து ஜெபம் மட்டும் போதாது. காலை, மாலை ஜெப ஒழுங்கை எடுத்து, திருச்சபை நாட்காட்டியில் அன்றைக்குக் கொடுத்திருக்கிற சங்கீதம், பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று வரிசையாக வாசித்துப் போங்கள். பிடித்த பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிற பழக்கம் அதில் உடையும். லேவியராகமத்தையும் ஒருநாள் தாண்டியாக வேண்டும்.

வீட்டில் பேச வேண்டியவை

கல்யாணம் ஆனவர் என்றால் மனைவியிடம், அல்லது கணவரிடம், முதலில். ஆயரிடம் சொல்வதற்கும் முன்பே. ஆயரம்மா, அதாவது ஆயரின் மனைவி, என்பது சம்பளமில்லாத முழுநேர வேலையாக நம் சபைகளில் ஆகிவிட்டது. பெண்கள் ஐக்கிய சங்கம், வருகிறவர்களுக்கெல்லாம் காபி, எல்லார் வீட்டுத் துக்கமும் அவர் தலையில். அவருக்குச் சொந்த வேலை இருந்தால், சில வருடத்துக்கு ஒருமுறை வரும் இடமாற்றத்தில் அது என்ன ஆகும்? பிள்ளைகள் பள்ளி? இதையெல்லாம் "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரே வரியில் முடிக்காமல் உட்கார்ந்து பேசுங்கள்.

சம்பளம் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும், எங்கேயும் ஐ.டி. சம்பளம் இல்லை. தங்க ஆயர் இல்லம் இருக்கும், அது எந்த நிலையில் இருக்கும் என்பது போகிற ஊரைப் பொறுத்தது. கடன் இருந்தால், குறிப்பாக நகைக்கடனும் தனிநபர் கடனும், அடைத்துவிட்டுப் போங்கள். ஆயராகி, சபை மக்களிடம் கைமாற்று வாங்குகிற நிலை வரவே கூடாது.

இன்னொன்று, பலர் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். தலித் குடும்பங்களில் சிலர் கிறிஸ்தவர்களாக வாழ்ந்துகொண்டே சாதிச் சான்றிதழில் இந்து என்று வைத்திருப்பார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவர்களுக்கு எஸ்.சி. தகுதி கிடையாது. மதம் மாறிய ஆதிதிராவிடர்களைத் தமிழ்நாடு பி.சி. பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அந்த ஆணை நியாயமா என்றால் என் பதில் இல்லை என்பதுதான், சபைகள் அதற்கு எதிராகப் பல காலமாகப் போராடியும் வருகின்றன. ஆனால் ஆயராக அபிஷேகம் என்பது ஊரறிய நடக்கிற காரியம். ஞானஸ்நானப் பதிவு ஒன்று சொல்ல, சான்றிதழ் இன்னொன்று சொன்னால் பின்னால் உங்களுக்கும், அந்தச் சான்றிதழில் வேலை பார்க்கிற தம்பி தங்கைக்கும் சிக்கல் வரலாம். ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் இந்து என்று எஸ்.சி. சான்று கேட்ட வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடியாது என்றே தீர்ப்புச் சொன்னது. விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு வக்கீலிடம் குடும்பத்தோடு போய்ப் பேசிவிடுங்கள்.

பெண்களுக்கு

சி.எஸ்.ஐ.யில் பெண்கள் ஆயராக முடியும். 2013ல் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்ப லலிதா பேராயராகவே அபிஷேகம் பெற்றார், சி.எஸ்.ஐ.யில் முதல் பெண் பேராயர். ஆக, "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு அங்கி" என்று யாராவது சொன்னால் அது அவருடைய கருத்து, சபையின் சட்டம் இல்லை. பாதை ஆண்களுக்கு உள்ள அதே பாதை. நடைமுறையில் கூடுதல் கேள்விகள் வரும், கல்யாணம் ஆனால் கணவர் கூட வருவாரா, கிராமத்தில் தனியாக இருப்பாயா என்று. ஆண்களிடம் இந்தக் கேள்வி வருவதில்லை. கோபம் வரும், நியாயம்தான், ஆனாலும் பதிலைத் தயாராக வைத்திருங்கள். உங்கள் திருமண்டலத்தில் ஏற்கெனவே பெண் ஆயர்கள் இருந்தால் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசிவிடுங்கள், நான் எழுதக்கூடியதைவிட அவர் ஒரு மணி நேரத்தில் அதிகம் சொல்வார்.

விண்ணப்பமும் தேர்வும்

பொதுவாக நடப்பது இப்படி: ஆயரின் கடிதம், சேகரக் கமிட்டியின் தீர்மானம், ஞானஸ்நான மற்றும் திடப்படுத்தல் சான்றுகள், படிப்புச் சான்றுகள், மருத்துவச் சான்று எல்லாம் சேர்த்துத் திருமண்டல அலுவலகத்துக்கு. அங்கே ஊழியத்துக்கான குழு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் நடத்தும், முடிவு பேராயருடையது. எத்தனை பேரை எடுப்பார்கள் என்பது அந்த வருடத் தேவையைப் பொறுத்தது, சில வருடம் விண்ணப்பமே கேட்க மாட்டார்கள். சில இடங்களில் படிக்க அனுப்புவதற்கு முன் ஒரு கிராமத்தில் சபை ஊழியராகக் கொஞ்ச காலம் வைத்துப் பார்ப்பார்கள்.

எழுத்துத் தேர்வுக்கு வேதாகமத்தை முழுதாக ஒருமுறையாவது வாசித்திருக்க வேண்டும். சி.எஸ்.ஐ. வரலாறு, விசுவாசப் பிரமாணங்கள், இரண்டு திருவருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், திருவிருந்து), ஆராதனை முறை இவற்றில் தெளிவு வேண்டும். நம் திருவிருந்து ஆராதனையில் கைகளால் சமாதானம் பகிர்கிறோமே, 1950ல் சி.எஸ்.ஐ. வெளியிட்ட ஒழுங்கிலிருந்துதான் உலகத்தின் பல சபைகள் அதை மறுபடி எடுத்துக்கொண்டன. இந்த மாதிரி விஷயம் தெரிந்திருந்தால் ஆராதனை மேலும் பிடிக்கும், அதற்காகவே படியுங்கள்.

நேர்காணலில் கிட்டத்தட்ட உறுதியாக வரும் கேள்விகள் இவை. ஏன் ஆயர், சுவிசேஷகராகவோ ஆசிரியராகவோ இருந்து ஊழியம் செய்தால் போதாதா? அனுப்புகிற இடத்துக்குப் போவீர்களா? உங்கள் சபையில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குத்தான் மேலே சொன்ன ஒரு வருடம். முதல் கேள்விக்கு நேர்மையான பதில் இல்லையென்றால் வீட்டுக்குப் போய் யோசிப்பது மேல், ஏனென்றால் ஆயராகாமலே செய்யக்கூடிய ஊழியம் ஏராளம். சிபாரிசு பிடிக்கலாமா, யாருக்காவது "கொடுக்க" வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். அப்படி உள்ளே போனவர் வாழ்நாள் முழுக்க யாருக்கோ கடன்பட்டவர்.

படிப்பு

பெரும்பாலான திருமண்டலங்கள் கேட்பது செராம்பூர் பல்கலைக் குழுவோடு இணைந்த கல்லூரியின் பி.டி. (இறையியல் இளநிலை) பட்டம். செராம்பூர் கல்லூரியை 1818ல் கேரி, மார்ஷ்மேன், வார்டு தொடங்கினார்கள், 1827ல் டென்மார்க் மன்னர் கொடுத்த சாசனத்தின் பலத்தில் இன்றும் பட்டம் கொடுக்கிறது. பட்டதாரிகளுக்கு பி.டி. நான்கு வருடம். நம்மவர்கள் வழக்கமாகப் போவது மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்கு, 1969ல் தொடங்கியது. தமிழிலேயே படிக்கலாம், தலித் இறையியலில் பேர்பெற்றது, வளாகத்தை விட்டுப் போய் ஏழை மக்கள் நடுவில் தங்கிப் படிக்கிற காலமும் அதில் உண்டு. ஆங்கிலம் சரளமாக வருமென்றால் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி, 1910லிருந்து இருக்கிறது, ஓசூர்க்காரர்களுக்குக் கூப்பிடு தூரம். எங்கே படிப்பது என்பதைத் திருமண்டலமும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. திருமண்டலத்தின் ஆதரவுக் கடிதம் இல்லாமல் சொந்தச் செலவில் பி.டி. படித்து முடித்துவிட்டு, "இப்போது அபிஷேகம் பண்ணுங்கள்" என்று வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். பட்டம் இருப்பதால் மட்டும் எந்தத் திருமண்டலமும் எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டதல்ல. முதலில் தேர்வு, பிறகு படிப்பு. அதே போல, ஒரு வருடத்தில் பட்டமும் இரண்டு வருடத்தில் டாக்டரும் தருகிற 'பைபிள் காலேஜ்' விளம்பரங்களை நம்பிப் பணத்தை விடாதீர்கள். செராம்பூர் இணைப்பு உண்டா என்று கேளுங்கள், பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

படிப்பில் கிரேக்கம், எபிரேயம், சபை வரலாறு, பிற சமயங்கள், ஆற்றுப்படுத்தல் (கவுன்சிலிங்) எல்லாம் வரும். முதல் வருடத்தில் பலருக்கு ஒரு ஆட்டம் காணும். மோசேயின் ஆகமங்களை யார் எழுதினார்கள் என்ற பாடம் வரும்போது விசுவாசமே போய்விடுமோ என்று பயப்படுவார்கள். போகாது. ஓய்வுநாள் பள்ளியில் கற்றது கொஞ்சம் உதிரும், அந்த இடத்தில் வேறு முளைக்கும். அந்த நேரத்தில் ஊரில் உள்ள அந்த மூத்த ஆயரோடு பேச்சை விட்டுவிடாதீர்கள்.

முடித்து வந்தபின் கொஞ்ச காலம் பயிற்சி, பிறகு டீக்கன், அதன்பின் ஆயர் அபிஷேகம். டீக்கனாக இருக்கும்போது நீங்கள் திருவிருந்தை நடத்த முடியாது, பரிமாற உதவுவீர்கள்.

இல்லை என்று சொல்லிவிட்டால்

பலருக்கு முதல் தடவை இல்லை என்றுதான் வரும். காரணம் எழுத்தில் கிடைக்காது, அரைகுறையாகக் காதில் விழும். உங்கள் ஆயரிடம் போய், "நான் எதில் வளர வேண்டும் என்று ஏதாவது சொன்னார்களா ஐயா" என்று ஒருமுறை கேளுங்கள், போதும். அலுவலகத்துக்குப் போய் வாதாடாதீர்கள். வாட்ஸாப் குழுவில் எழுதவே எழுதாதீர்கள், அது பேராயர் மேசை வரைக்கும் போகும். மறுபடி விண்ணப்பிக்கலாம், பலர் அப்படிப் போய் ஆயராகியிருக்கிறார்கள். இல்லையென்றால் உபதேசியார் (கிராமச் சபையைக் கவனிக்கிற ஊழியர்), ஓய்வுநாள் பள்ளிக் கண்காணிப்பாளர், மருத்துவமனைகளில் ஆத்தும ஆறுதல் ஊழியம் என்று வேறு கதவுகளும் இருக்கின்றன. இரண்டாவது தடவை வேண்டும் என்றால், அடுத்த ஞாயிறே வழக்கம்போல ஓய்வுநாள் பள்ளி வகுப்புக்குப் போய்விடுங்கள். தேர்வாகவில்லை என்று தெரிந்த அடுத்த வாரமே காணாமல் போகிறவர் யார் என்பதைக் கமிட்டி கவனித்துக்கொண்டுதான் இருக்கும்.